சோப்பு டப்பா கேமராவும் ஒரு பேரிக் கொப்பும்

ஏற்காட்டு ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களைப் படம் எடுத்துப் பிழைத்த நாலைந்து பேரில் சென்றாயனும் ஒருவன். மற்றவர்கள் தோளில் பெரிய கேமரா, கையில் மூன்று கால் ஸ்டாண்டு, முதுகில் தோல் பை என்று சாமி புறப்பாடு போல வருவார்கள். சென்றாயன் சட்டைப் பைக்குள் கையை விட்டு சோப்பு டப்பா அளவில் ஒன்றை வெளியே எடுப்பான். புதுசாகக் கல்யாணமாகி வந்த மாப்பிள்ளையின் முகம் அப்போதே பாதி விழுந்துவிடும்.

“ஏனுங்க, இதுல நாங்க ரெண்டு பேரும் விழுவமா?”

“ஊர்வலமே விழுமுங்க” என்பான் சென்றாயன். அவன் சொல்லி முடிப்பதற்குள் ஜோடி பெரிய கேமராக்காரனைத் தேடிப் போயிருக்கும்.

கனமான கேமரா ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால் அவனிடம் நீளமான பதில் ஒன்று இருந்தது. கலைஞன் காற்றாக இருக்க வேண்டும், தோளில் சுமை ஏறினால் கண்ணில் மங்கல் ஏறும் என்றெல்லாம் போகும் அது. உண்மை அதைவிடச் சின்னது. எஸ்டேட்டில் காப்பி மூட்டை தூக்கப் போன முதல் நாளே, இரண்டாவது மூட்டையில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ரைட்டரும் மேஸ்திரியும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவனை தொழிலாளர் லைன் வீட்டில் கொண்டுவந்து போட்டார்கள். இடுப்பு சரியான பிறகும் அவன் எஸ்டேட் பக்கம் போகவில்லை. அதற்குக் காரணம் இடுப்பு இல்லை, அட்டை. மழைக்காலத்தில் காலில் ஏறும் அட்டையைக் கண்டால் அவனுக்கு உயிர் போய்விடும். அட்டைக்குப் பயந்தவனைக் காப்பித் தோட்டத்தில் பிறக்க வைத்தது யார் செய்த தப்பு என்று தன்னையே கேட்டுக்கொள்வான். கடைசியில் ஒண்டிக்கடை என்கிற ஏற்காட்டு முச்சந்தியில் ஒரு ஸ்டுடியோவின் இருட்டறையில் தண்ணீர் மாற்றிவைக்கும் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே அட்டை கிடையாது. அப்படித்தான் அவன் கலைஞன் ஆனது.

அம்மா பொன்னாயி வேறு வார்ப்பு. அப்பா நல்லமுத்து போன பிறகு அதே எஸ்டேட்டில் காப்பிச் செடிக்குக் கவாத்து வெட்டியே மகனை ஆளாக்கியவள். எந்தக் கொப்பு காய்க்கும், எது சும்மா சத்தைக் குடித்துக்கொண்டு நிற்கும் என்று பார்த்து வீணானதை வெட்டித் தள்ளுவதுதான் அந்த வேலை. வயதாகி எஸ்டேட்டை விட்டு நின்றாள். கவாத்துக் கத்தி மட்டும் அவள் இடுப்பை விட்டு நிற்கவில்லை. நடந்து போகிற வழியில் ஒரு செடி ஒழுங்கில்லாமல் வளர்ந்திருந்தால் கை தானாக இடுப்புக்குப் போகும். பக்கத்து வீட்டுச் செம்பருத்தி, பள்ளிக்கூடத்து வேலி, பஸ் நிற்குமிடத்தில் யாரோ ஆசையாக வைத்த அரளி என்று எதுவும் தப்பியதில்லை. இதனால் வந்த சண்டைகளுக்கெல்லாம் சென்றாயன்தான் போய்ச் சமாதானம் பேசுவான். “ஏஞ் சாமி, நல்லதுதான பண்ணுனேன்” என்பாள் அவள், முகத்தில் ஒரு வருத்தமும் இல்லாமல்.

மகனுடைய தொழிலைப் பற்றி அவளுக்கு உயர்ந்த அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது. யாராவது கேட்டால், “வெயில்ல நின்னுக்கிட்டு அடுத்தவன் பொண்டாட்டியச் சிரிக்கச் சொல்ற வேலைங்க” என்று சொல்வாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சென்றாயனும் சிரிப்பான், ஆனால் உள்ளே சுருக்கென்று தைக்கும். இத்தனை வருஷத்தில் எத்தனை படம் எடுத்திருப்பான். எதன் பின்னாலும் இருந்தது ஸ்டுடியோவின் ரப்பர் முத்திரைதான். தன் பெயர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஒரு படத்தின் கீழே அச்சில் வர வேண்டும், அதை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் என்ன, அவன் படித்துக் காட்டுவான்.

அந்த ஆசைக்கு எண்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில் ஒரு வழி பிறந்தது. சேலத்தில் காலண்டர் ஆர்டர் பிடித்து சிவகாசியில் அடித்து வாங்கித் தரும் ராமசாமி என்பவர் ஸ்டுடியோவுக்கு வந்தார். ஏற்காட்டு அரிசி மண்டிக்காரர் ஒருவருக்குத் தினசரி காலண்டர் வேண்டுமாம். சாமி படம் போட்டால் வருஷம் முடிந்த பிறகும் தூக்கிப் போட மனசு வராமல் சுவரெல்லாம் பழைய காலண்டராகத் தொங்குகிறது, புதுசை மாட்ட இடமில்லை என்று வாடிக்கைக்காரர்கள் சொல்கிறார்களாம். இந்த வருஷம் மலைக் காட்சி போதும் என்கிறார் மண்டிக்காரர்.

“மேல ஒரு கொப்பு தொங்கோணும். கீழ மலையும் மஞ்சும். அவ்வளவுதான்” என்றார் ராமசாமி. “ஆளு மட்டும் கூடாது. ஆளு இருந்தா அது யாரு, எந்த ஊட்டுப் பொண்ணுன்னு கேட்டே வருசத்த ஓட்டிருவானுங்க.”

“எம் பேரு போடுவீங்களாங்க?” என்று கேட்டான் சென்றாயன்.

“படம் புடிச்சிருந்தா கீழ சின்னதாப் போட்டுக்கலாம், போ.”

மேலே கொப்பும் கீழே மலையும் சேர்ந்து அமைகிற இடம் சென்றாயனுக்குத் தெரியும். செம்மநத்தத்தில் சித்தன் என்கிற விவசாயியின் நிலம். சரிவின் ஓரத்தில் ஒரு பாறை, பாறை மேல் வந்து கவிந்த ஒரு பேரி மரம். அதன் ஒரு கொப்பு மட்டும் நீளமாக, காலண்டருக்கென்றே வளர்ந்தது போல வளைந்து தொங்கும். சிக்கல் வேறெங்கோ இருந்தது. போன ஆவணியில் அந்தப் பாறையைத் தேடிப் போனபோது, கண்ணைக் கேமராவில் வைத்தபடியே பின்னால் நடந்து நடந்து சித்தனின் கேழ்வரகு நாற்றைப் பாதி மிதித்துவிட்டான். சித்தன் கையில் கிடைத்த குச்சியோடு துரத்தினார். கனமான கேமராவோடு போயிருந்தால் அன்றைக்குத் தப்பியிருக்க முடியாது என்று சொல்லித் தன் தத்துவத்துக்கு அதையும் ஓர் ஆதாரமாகச் சேர்த்துக்கொண்டான் சென்றாயன்.

இப்போது மறுபடி அந்த நிலத்தில் கால் வைக்க வேண்டுமானால் அம்மாதான் கதி. சித்தனின் மனைவி அத்தாயி காப்பிப் பழப் பறிப்புக் காலத்தில் எஸ்டேட்டுக்கு வந்து பொன்னாயியோடு ஒரே வரிசையில் வேலை பார்த்தவள். அவளுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. பொன்னாயியும் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆக இரண்டு காரியமும் ஒன்றாயின.

கிளம்புகிற காலையில் சென்றாயன் சட்டைப் பையில் கேமராவும் இன்னொரு பையில் ஒரு கலர் ஃபிலிம் ரோலும் வைத்துக்கொண்டு, கையை வீசியபடி வாசலில் நின்றான். பயணம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பெருமையாக இருந்தது. உள்ளேயிருந்து பொன்னாயி ஒரு சாக்குப் பையை இழுத்துக்கொண்டு வந்தாள். அத்தாயிக்காகச் சேலத்திலிருந்து வாங்கிவைத்திருந்த இரும்பு தோசைக்கல், வெல்லம் ஒரு மூட்டை, இன்னொரு துணிப்பை நிறைய நிலக்கடலை.

“என்னங்கம்மா இது?”

“வெறுங்கையோடவா ஒருத்தரு ஊட்டுக்குப் போறது? உனக்குத்தான் கையில ஒண்ணுமில்லையே, தூக்கு.”

செம்மநத்தத்துக்கு அப்போது பஸ் பாதி வழிதான். மீதி, மேடும் பள்ளமுமாக நடை. கால் கிலோவுக்கும் குறைந்த கேமராவை வைத்திருந்த கலைஞன் தோசைக்கல்லை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினான். ஒவ்வோர் அடிக்கும் அது இடுப்பில் வந்து மோதியது, அதுவும் பழைய காப்பி மூட்டை பிடித்த அதே இடத்தில். அம்மா முன்னால் கையை வீசிப் போய்க்கொண்டிருந்தாள். வழியில் இரண்டு புதர்களைச் சீர்படுத்தவும் அவளுக்கு நேரம் இருந்தது.

சித்தன் அவனை அடையாளம் கண்டுகொண்டு புருவத்தை உயர்த்தினார். பொன்னாயியைப் பார்த்ததும் புருவம் இறங்கியது.

“வாங்கக்கா. இந்தத் தம்பி உங்க பையனுங்களா?”

“ஆமா தம்பி. பாத்து நடக்கத் தெரியாது. மத்தபடி நல்லவன்.”

“நாத்துப் பக்கம் மட்டும் உட்றாதீங்க” என்றார் சித்தன். அவ்வளவோடு அந்த வழக்கு தீர்ந்தது.

சென்றாயன் நேரே பாறைக்குப் போனான். பேரிக் கொப்பு அப்படியே இருந்தது. ஆனால் கீழே மலையைக் காணோம். பள்ளம் முழுக்க மஞ்சு அடைத்துக் கிடந்தது. ஸ்டாண்டு இல்லாததால் நிலக்கடலைப் பையைப் பாறை மேல் வைத்து, அதைக் குழித்து, அதற்குள் கேமராவை உட்கார வைத்தான். கையில் பிடித்தால் லேசான கேமரா ஆடும். கடலைக்குள் பதிந்தால் ஆடாது. இந்த யோசனை தனக்கே வந்தது என்பதில் அவனுக்கு அளவு கடந்த சந்தோஷம். இடம் பார்த்து, கொப்பு மேலே வருகிற மாதிரி வைத்து, மஞ்சு விலகுவதற்காக உட்கார்ந்தான். மஞ்சு விலகவில்லை. குளிரில் பல் தந்தியடித்தது. அத்தாயி வீட்டிலிருந்து கருப்பட்டிக் காப்பி வாசம் வந்தது.

“அம்மா, நான் ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு வந்தர்றேன். நீங்க இங்கயே இருங்க. கேமராவ யாரும் தொடாமப் பாத்துக்குங்க” என்றான்.

கேமராவைத் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னானே தவிர, மரத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. பொன்னாயியைப் பெற்ற தாயாகக் கொண்ட ஒருவன் ஒரு மரத்தடியில் அவளைத் தனியாக விட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போகலாமா? போனான். காப்பி நன்றாக இருந்ததால் இன்னொரு டம்ளரும் குடித்தான்.

திரும்பி வந்தபோது மரம் வேறு மரமாக நின்றது. முடி வெட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பிள்ளை போலச் சுத்தமாக இருந்தது. அந்த நீளமான கொப்பு பாறை ஓரமாகத் தரையில் கிடந்தது. பொன்னாயி கத்தியை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். சித்தன் பக்கத்தில் நின்று, “நல்ல வேலை செஞ்சீங்கக்கா, நானே வெட்டோணும்னுதான் இருந்தேன்” என்று பாராட்டிக்கொண்டிருந்தார்.

“காய்க்காத கொப்பு சாமி” என்றாள் பொன்னாயி மகனைப் பார்த்து. “சத்தப் பூராம் அதே குடிச்சுப்போட்டு நின்னுச்சு. அத்தாயிக்கு நம்மால ஆன உபகாரம்.”

சென்றாயனுக்குத் தலை கிர்ரென்றது. காலண்டர் போயிற்று. பெயர் போயிற்று. தோசைக்கல் சுமந்ததும் வீண். சேலத்துப் பக்கம் கோபம் வந்தாலும் பேச்சில் மரியாதை நிற்கும். அம்மாவை ‘வாங்க, போங்க’ என்றே பழகியவன் அவன். அன்றைக்கு அதெல்லாம் போன இடம் தெரியவில்லை.

“உனக்கு வெட்டத்தான் தெரியும்” என்றான். “பொறந்ததுல இருந்து வெட்டுறதத் தவிர என்ன தெரியும் உனக்கு? எதையாச்சும் வளர உட்டிருக்கியா நீ?”

சித்தன் மெல்ல மாட்டுக் கொட்டகைப் பக்கம் நகர்ந்துவிட்டார். பொன்னாயி கத்தியை இடுப்பில் செருகினாள். அவள் முகம் ஒரு நொடி கறுத்தது. அதை அவன் பார்த்தான். பார்த்த உடனேயே சொன்னதை விழுங்கிவிட மாட்டோமா என்று இருந்தது.

“உன்னைய உட்டனே சாமி” என்றாள் அவள் நிதானமாக. “உம் போக்குல வளரட்டும்னு கத்தியே வைக்காம உட்டேன். அதான் பாரு, காய்ப்பே இல்ல.”

அவன் தன்னைப் பற்றித் தானே நினைத்து வைத்திருந்ததைத்தான் அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். பாறை மேல் குந்தி உட்கார்ந்து கடலைப் பையைப் பார்த்தபடி இருந்தான். அழுகை வந்தது. கலைஞன் அழலாம், ஆனால் நிலக்கடலை முன்னால் உட்கார்ந்து அழுவது அவனுக்கே கேவலமாகப் பட்டது.

அந்த நேரம் பார்த்து மஞ்சு விலகத் தொடங்கியது. முதலில் ஒரு கிழிசல், அதில் எதிர் மலையின் தோள். பிறகு கீழே காப்பித் தோட்டம், அதற்குள்ளே சில்வர் ஓக் மரங்களின் நுனி. இவ்வளவு அழகாக அந்தப் பள்ளத்தை அவன் பார்த்ததே இல்லை. மேலே மட்டும் மொட்டை வானம்.

“எங்க வேணும் அந்தக் கொப்பு?” என்று கேட்டாள் அம்மா.

திரும்பிப் பார்த்தான். வெட்டிய கொப்பைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, பாறைக்கு வலது புறம் இருந்த மேட்டுக் கல்லில் அவள் ஏறிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, வேண்டாங்க. உழுந்துருவீங்க.”

“எங்க வேணும்னு சொல்லு. மஞ்சு உனக்காக நிக்குமா?”

பொன்னாயி இரண்டு கையாலும் கொப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். சென்றாயன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமராவின் சின்னக் கண்ணாடிக்குள் பார்த்தான். மேலே கொப்பு வந்துவிட்டது, மரத்திலிருந்து தொங்குவது போலவே. ஆனால் நடுங்கியது.

“கைய ஆட்டாதீங்கம்மா.”

“நான் எங்க ஆட்டுறேன், காத்து ஆட்டுது.”

“கொஞ்சம் எறக்குங்க. எலை மட்டும் தெரியட்டும். ஆளு தெரியக் கூடாது.”

“நான் எதுக்கு தெரியறேன்” என்றாள். மூச்சு வாங்கியது, இருந்தாலும் அவள் இறங்கவில்லை. காப்பிச் செடிக்கு நடுவே காலையிலிருந்து சாயங்காலம் வரை தூக்கியே நின்ற கைகள் அவை. ரோல் தீரும் வரை அழுத்தினான் சென்றாயன். கண்ணாடிக்குள் பார்த்த ஒவ்வொரு தடவையும் கொப்பும் மலையும்தான் தெரிந்தன. ஆள் இல்லை. தன் சாமர்த்தியத்தில் அவனுக்கு நம்பிக்கை திரும்பி வந்தது. திரும்பும்போது அவன் மன்னிப்புக் கேட்க நினைத்து, “கால் வலிக்குதுங்களா” என்று மட்டும் கேட்டான். அவள் “இல்ல” என்றாள்.

சோப்பு டப்பா கேமராவைப் பற்றி அவன் யாருக்கும் சொல்லாத குறை ஒன்று உண்டு. அதில் எடுப்பவன் கண் வைத்துப் பார்க்கிற கண்ணாடி ஒன்று, படம் எடுக்கிற லென்ஸ் இன்னொன்று. கண்ணாடி இடப்பக்கம், லென்ஸ் அதற்கு வலப்பக்கம். தூரத்து மலை இரண்டுக்கும் ஒன்றாகத்தான் தெரியும். கிட்டத்தில் இருப்பது அப்படியில்லை. கண்ணாடிக்குத் தெரியாதது லென்ஸுக்குத் தெரியும். இருட்டறையில் இத்தனை வருஷம் நின்றவன் இதை மறக்கலாமா என்றால், அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு அழுதுகொண்டே படம் எடுப்பவன் எதையும் மறப்பான்.

சேலத்தில் ராமசாமி படங்களை மேஜையில் பரப்பினார். ஒன்றில் முழங்கை. ஒன்றில் அரை முகம், மேலே அண்ணாந்தபடி. ஒன்றில் முந்தானை பறந்தது. ஒரே ஒரு படம், மஞ்சு மிகவும் அழகாகக் கிழிந்திருந்த படம், கிட்டத்தட்டச் சுத்தமாக இருந்தது. அதிலும் வலது ஓரத்தில் கொப்பைப் பற்றிய இரண்டு விரல்கள்.

“நல்லா இருக்குதுப்பா. அது என்ன ஓரத்துல?” என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார் ராமசாமி. “குரங்கு கையா?”

சென்றாயன் வாழ்க்கையில் இவ்வளவு சுலபமான வழியை யாரும் காட்டியதில்லை. ஆமாம் என்றால் போதும். ஏற்காட்டில் குரங்குக்கா பஞ்சம்? குரங்கு ஆளில் சேராது, காட்சியில்தான் சேரும். காலண்டர் அச்சாகும், பெயர் வரும். ஆமாங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

“எங்கம்மாங்க” என்றான்.

நடந்ததை அவன் சொல்லச் சொல்ல ராமசாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். காலண்டர் கையை விட்டுப் போயிற்று என்று சென்றாயன் படங்களைப் பொறுக்கத் தொடங்கினான்.

“எங்க எடுத்துட்டுப் போற?” என்றார் அவர். “கார்த்திக பொறந்தாச்சு, இனி நான் வேற படத்துக்கு எங்க போவேன்? வை. ரெண்டு வெரல்தான, எவன் பாக்கப் போறான். உம் பேரோட உங்கம்மா பேரையும் போட்றலாமா?”

அவர் கேலியாகத்தான் கேட்டார். சென்றாயனுக்குக் கேலி எது என்று பிரித்துப் பார்க்கிற நிலை இல்லை.

“போடுங்க” என்றான். “படம், சென்றாயன். கொப்பு, பொன்னாயி.”

மார்கழி பிறந்த வாரத்தில் காலண்டர் வந்தது. ஒண்டிக்கடையில் அரிசி வாங்கியவர்கள் கையிலெல்லாம் சுருட்டி இருந்தது. சென்றாயன் ஒன்றை வாங்கி நடு ரோட்டிலேயே பிரித்தான். மலை இருந்தது, மஞ்சு இருந்தது, இரண்டு விரல் தெளிவாக இருந்தது. பெயர் இல்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தான், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பிறகுதான் விளங்கியது. படத்துக்குக் கீழே பெயர் அச்சான இடத்தின் மேல்தான் தினசரித் தாள் கட்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். முந்நூற்றறுபத்தைந்து நாளும் அவன் பெயர் மேல் உட்கார்ந்திருந்தன.

வீட்டில் அம்மா கேட்டாள். “உம் பேரு எங்க?”

“இந்தத் தாளுக்கு அடியிலங்க. உங்க பேருந்தான் இருக்குது.”

பொன்னாயி அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். “சரி சாமி” என்றாள். பொய் சொல்லுகிற பிள்ளையை நம்புவது போல நடிக்கிற குரல் அது. வேகம் வந்து அவன் தாள் கட்டைப் பிய்க்கப் போனபோது மட்டும் கையைத் தட்டிவிட்டாள். “வராத நாளக் கிழிக்காத. ஆயுசுக்கு ஆகாது.” அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேச முடியாது.

ஆக அந்த வருஷம் முழுவதும் ஏற்காட்டுச் சுவர்களில் சென்றாயனின் பெயர் தெரியவில்லை, பொன்னாயியின் விரல் தெரிந்தது. வேலம்மாள் டீக்கடையில் அது குரங்குதான் என்று ஒரு கட்சி, பேய் என்று ஒரு கட்சி. “எம் விரலுங்க” என்று பொன்னாயி கடை கடையாகப் போய்ச் சொன்னாள். படத்துக்குப் பக்கத்தில் கையைத் தூக்கிப் பிடித்தும் காட்டினாள். யாரும் நம்பவில்லை. “படம் நான் எடுத்ததுங்க, பேரு அடியில இருக்குது” என்று சென்றாயன் சொன்னான். அதையும் யாரும் நம்பவில்லை. எதிலும் ஒன்றுசேராத தாயும் மகனும் இதில் ஒரே படகில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆடியில் சித்தன் ஒரு கூடை பேரிக்காய் கொடுத்தனுப்பினார். கவாத்து வெட்டிய மரம் கொப்பொடியக் காய்த்திருக்கிறது, அக்காவிடம் சொல்லுங்கள் என்று சேதி. அம்மா ஒரு காயை நறுக்கி மகனுக்குக் கொடுத்தாள். மரமும் அவள் கட்சிக்குப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே தின்றான். ரொம்ப இனிப்பாகத்தான் இருந்தது.

வருஷத்தின் கடைசித் தாளை ஜனவரி முதல் தேதி காலையில் பொன்னாயி கிழித்தாள். கீழே வெறும் பின்னட்டை நின்றது. சென்றாயன் அதைப் பிடித்து மெதுவாக இழுத்தான். ஒரு வருஷமாக இறுகிப்போயிருந்த பசை, காலண்டர் அட்டையின் மேல் தோலையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்தது. இடது பாதி வெள்ளையாகப் போயிற்று. வலது பாதி மட்டும் எழுத்தோடு நின்றது.

“என்ன போட்டிருக்குது?” என்றாள் அம்மா.

“கொப்பு, பொன்னாயி” என்று படித்தான்.

அவள் அந்த எழுத்தை விரலால் தொட்டாள். கையைத் தூக்கிப் படத்தில் இருந்த விரலையும் தொட்டாள். ஒரு வருஷம் அவன் சொன்னதை நம்பாததற்காக அவள் முகம் வாடியது அவனுக்குத் தெரிந்தது.

“உம் பேரு?”

“பசையோட போயிருச்சுங்க. பரவால்லீங்கம்மா.” நிஜமாகவே பரவாயில்லை என்று அவனுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவனுக்கே ஆச்சரியம்.

பொன்னாயி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வெளியே போனாள். ஒண்டிக்கடையில் அவளைப் பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள்: கடை கடையாக ஏறி, தானே பழைய காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி, பின்னட்டையை உரித்து, “எம் பையன் பேரு இருக்குதுங்களா, பாருங்க” என்று எழுத்துத் தெரிந்தவர்களிடமெல்லாம் நீட்டினாளாம். சிலவற்றில் ஒன்றுமே மிஞ்சவில்லை. ஒன்றில் ‘படம்’ மட்டும் இருந்தது. வேலம்மாள் கடையில் இருந்த அட்டையில் டீ ஆவி பட்டு இடப்பக்கத்துப் பசை இளகியிருந்ததால் வலது பாதி மட்டும் உரிந்து, ‘படம், சென்றாயன்’ என்பது முழுசாக நின்றது. குரங்குக் கட்சியும் பேய்க் கட்சியும் எழுந்து நின்று அதைப் படித்தார்களாம்.

வெயில் ஏறிய பிறகு அந்த அட்டையோடு வந்து சேர்ந்தாள். ஓர் ஆணியும் கையில் இருந்தது. தன் பெயர் இருந்த அட்டைக்குப் பக்கத்தில் இடம் பார்த்தாள்.

“எதுக்குங்கம்மா ரெண்டு? மண்டிக்காரரு தூக்கிப் போடறதுக்குன்னே மலைப் படம் போட்டாரு” என்றான் சென்றாயன்.

“இந்தா, இதப் புடி.”

ஆணியைச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டான். பொன்னாயி இடுப்பிலிருந்து கவாத்துக் கத்தியை உருவி, திருப்பிப் பிடித்து, அதன் பிடியால் ஓங்கினாள். அவன் விரல் தானாகப் பின்வாங்கியது.

“கைய ஆட்டாத சாமி” என்றாள் அம்மா.